கோயில் காளை வந்த பாடவேளை

அந்த ஆங்கிலத் தொடருக்கு ஏழு வருடமாகப் பரிமளா சொல்லிவந்தது ஒன்றுதான். "டுக் டு ஹிஸ் ஹீல்ஸ்னா ஓடிப்போனான். அடிக்கோடு போட்டுக்கங்க, பரீட்சைக்கு வரும்." பிள்ளைகள் அடிக்கோடு போட்டார்கள். ஒருவரும் சிரித்ததில்லை.

இன்று சிரித்தார்கள். வேப்பமரத்தடியில் ரூமானா பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். கோட்டைப்பட்டினத்துப் பெண், அன்னவாசலுக்கு மாற்றலாகி வந்து பத்து நாள்தான்.

"பின்னங்கால் பிடரியில அடிக்க ஓடுனான்னு சொல்வோம்ல? அதுதான் இது. சும்மா நடந்து போறவனுக்குச் சொல்லக் கூடாது. பயந்து, திரும்பிப் பாக்காம ஓடுறவனுக்குத்தான். யாரு ஒரு வாக்கியம் சொல்றீங்க?"

"மஞ்சுவிரட்டுல எங்க மாமா டுக் டு ஹிஸ் ஹீல்ஸ், மிஸ்!"

வராந்தாவில் நின்ற பரிமளாவுக்கு வயிறு எரிந்தது. பின்னங்கால் பிடரியில் அடிக்க என்பது அவள் அப்பா வாயில் தினமும் புழங்கிய பேச்சு. பாடத்துக்குள் கொண்டுவர ஏழு வருடத்தில் ஒருநாள்கூடத் தோன்றவில்லை. பக்கத்தில் தலைமையாசிரியை அமிர்தவல்லி குனிந்து நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். வரும் வருடம் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் யாருக்கு என்பது இந்தப் பாடவேளையோடு முடிவாகிவிடும். பத்தாம் வகுப்பு பரிமளா டீச்சர் என்பதைத் தவிர அவளுக்கு இந்த ஊரில் வேறு பெயர் இல்லை.

அப்போது சுவர் இடிந்த பக்கமாகக் கோயில் காளை உள்ளே வந்தது. மஞ்சுவிரட்டில் முதலில் அவிழ்ப்பது அதைத்தான், யாரும் தொட மாட்டார்கள். மற்ற நாளில் இஷ்டம்போல் திரியும். சத்துணவுக் கூடத்தில் போடும் காய்த்தோலுக்காக இங்கே வரும். யாரையும் முட்டியதில்லை. ரூமானாவுக்கு இதெல்லாம் தெரியாது. பிள்ளைகளோ காளைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள்.

ஒரு வார்த்தை போதும். பரிமளா வாயைத் திறக்கவில்லை.

ஓடு. பிள்ளைகளை விட்டுவிட்டு ஓடு. ஹெச்.எம். பார்க்கட்டும்.

ரூமானாவின் கையிலிருந்த சாக்பீஸ் விழுந்தது. ஓரடி பின்னால் போனாள். பரிமளாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு பிள்ளைகளைச் சுற்றி ஓடி, காளைக்கு எதிரே இரண்டு கையையும் விரித்து நின்றாள். அமிர்தவல்லி நிமிர்ந்தார். காளை அவளை மோந்து பார்த்துவிட்டுச் சமையல் பக்கம் போனது.

"நம்ம கோயில் காளை மிஸ்!" என்று பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"பத்தாம் வகுப்ப ரூமானாவே எடுக்கட்டும் பரிமளா. நீங்க எட்டாம் வகுப்பப் பாத்துக்கங்க" என்று சொல்லி அமிர்தவல்லி நோட்டை மூடினார்.

ரூமானா வந்து பரிமளாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஓடத்தான் பாத்தேன்க்கா. நீங்க அசையாம நின்னீங்க. அக்காவே நிக்கிறாங்க, நாம நிக்கலாம்னு தோணுச்சு."

பரிமளா காளை போன பக்கம் பார்த்தாள். பிறகு, "அது ஒண்ணும் செய்யாது" என்றாள்.

"ஒங்களுக்கு முன்னயே தெரியுமாக்கா?"

ரூமானாவின் பிடி மெல்லத் தளர்ந்தது. மணி அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பரிமளா ஆசிரியர் அறையை நோக்கி நடந்தாள். பாதி தூரத்தில் நடை வேகமெடுத்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.