இரண்டு சம்பந்திகளும் ஒரு விருதும்

என் மகள் கிரெச்சனின் கல்யாணத்துக்கு நவம்பரில் ஒரு சனிக்கிழமையைக் குறித்தோம். தேவாலயம் காலியாக இருக்கிறதா, மண்டபம் கிடைக்குமா, மாப்பிள்ளைக்கு லீவு உண்டா என்று எல்லாவற்றையும் பார்த்தோம். அதற்கு முந்தைய வியாழக்கிழமை சாயங்காலம்தான் பேஸ்பாலில் அந்த வருஷத்தின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது யாருக்கு என்று அறிவிக்கிறார்கள் என்பதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.

என் கணவர் வெர்னன் மில்வாக்கி பள்ளிக்கூடத்தில் இயற்பியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பேஸ்பாலை விஞ்ஞானமாக்கும் பொறுப்பு அதன்பிறகு தன் தலையில் விழுந்துவிட்டதாக அவருக்கு ஓர் எண்ணம். எங்கள் ஊர் அணியின் பிரெஸ்காட் பந்தை வேலிக்கு வெளியே பறக்கவிட்டு ஒரு ஹோம் ரன் அடித்தால் ஊரே எழுந்து கத்தும். இவர் மட்டும் உட்கார்ந்தபடி, பந்து எந்தக் கோணத்தில் மட்டையை விட்டுக் கிளம்பியது என்பார். கோணம் தெரியாமல் சந்தோஷப்படுகிறவர்களைப் பார்த்தால் அவருக்குப் பரிதாபமாக இருக்கும்.

மாப்பிள்ளையின் அப்பா டெனிஸ் சிகாகோக்காரர், இன்ஷூரன்ஸ் விற்பவர். அவருடைய ஆள் சிகாகோ அணியின் கசாரெஸ். எண்கள் டெனிஸுக்கு ஆகாது. ஆட்டத்தைக் கண்ணால் பார்க்க வேண்டும், நெஞ்சால் உணர வேண்டும் என்பார். சிகாகோவின் பாதி ஆட்டங்கள் நடக்கும்போது அவர் சோபாவில் குறட்டை விட்டுக்கொண்டிருப்பார் என்று அவர் மனைவி பெக் என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

ஜூலையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இறைச்சி சுட்டுச் சாப்பிட இரண்டு குடும்பமும் கூடினோம். வெர்னன் தன் ஹாட் டாக்கில் தக்காளி சாஸ் ஊற்றினார். ஹாட் டாக்கில் சாஸ் ஊற்றுவது சிகாகோவில் பெரிய பாவம், சிகாகோக்காரர் முன்னால் அப்படிச் செய்யலாமா? டெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குழந்தைங்கதான் அதை ஊத்திச் சாப்பிடும் வாத்தியாரே. பிரெஸ்காட்டைப் பெரிய ஆளுன்னு சொல்றவரு வேற எப்படிச் சாப்பிடுவாரு?"

"உங்க கசாரெஸ் அடிச்சதுல பாதி, எதிராளி கோட்டை விட்ட பந்துங்க. அதுக்கு என்கிட்ட கணக்கு இருக்கு, இன்ஷூரன்ஸ்காரரே."

"ஒன்பதாவது இன்னிங்ஸ், அதான் கடைசி, ரெண்டு பேர் அவுட், நாற்பதாயிரம் பேர் மூச்சப் பிடிச்சிட்டு நிக்கிறப்ப அடிக்கிறான். அதுக்குக் கணக்கு இருக்கா?"

"இருக்கு. அப்ப அவன் சராசரி குறையுது."

"உங்க பொண்டாட்டியையும் சராசரி பாத்துத்தான் கட்டினீங்களா?"

என்னைப் பார்த்தார்கள். வெர்னன் பதில் சொல்ல ஒரு கணம் யோசித்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அதன்பிறகு விவாதம் மதிப்பு என்றால் என்ன என்ற இடத்துக்குப் போனது. அணி தோற்றாலும் மதிப்பு மதிப்புதான் என்றார் வெர்னன். ஜெயிக்க வைக்காதவனுக்கு என்ன மதிப்பு என்றார் டெனிஸ். இறைச்சி கருகியது. கடைசியில் டெனிஸ் எழுந்து நின்று, பிரெஸ்காட்டுக்கு விருது கொடுத்தால் கல்யாணத்தில் மணமக்களை வாழ்த்தித் தான் ஒரு வார்த்தை பேசப்போவதில்லை என்று அறிவித்தார். கசாரெஸுக்குக் கொடுத்தால் தானும் பேசப்போவதில்லை என்றார் வெர்னன். இரண்டு பேருமே சொன்ன வார்த்தை மாறாதவர்கள். அந்த நல்ல குணத்தால் இரண்டு வீட்டுக்கும் எவ்வளவோ கஷ்டம்.

அன்று பாத்திரம் கழுவும்போது கிரெச்சன் அழுதாள்.

"யார் ஜெயிச்சாலும் ஒரு அப்பா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாரு. கல்யாணப் படத்துல காலம் பூரா அப்படியே இருப்பாரு. நான் என்னம்மா பண்ண?"

கருகல் ஒட்டிய தட்டை அவளிடமிருந்து வாங்கி நானே தேய்த்தேன்.

நவம்பரில் கடைசிச் சுற்றுக்கு மூன்று பெயர்களை வெளியிட்டார்கள். பிரெஸ்காட், கசாரெஸ், அப்புறம் அட்லாண்டாவில் ரென் என்று ஒரு பிட்சர், ஐந்து நாளுக்கு ஒருமுறை பந்து வீச வருகிறவர். பந்து வீசுகிறவருக்கென்று தனி விருது உண்டு, அதை அவர் முந்தின நாளே வாங்கப்போகிறார் என்றும் பேசிக்கொண்டார்கள். "மூணு நாற்காலி போட்டிருப்பாங்க, ஒண்ணு காலியா இருந்தா நல்லாவா இருக்கும்?" என்றார் வெர்னன். ரென்னைப் பற்றி எங்கள் வீட்டில் அதற்குமேல் பேச்சே இல்லை. சிகாகோவிலும் இல்லை என்று பெக் போனில் சொன்னாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் சம்பந்தி வீட்டார் வந்து இறங்கினார்கள். பிராந்தி கலந்து கொடுத்தேன். சோபாவின் ஒரு கோடியில் வெர்னன், மறு கோடியில் டெனிஸ். நடுவில் சீஸ் தட்டோடு மாப்பிள்ளை கோரி, இரண்டு நாட்டு எல்லையில் நிற்கும் காவலாளி மாதிரி. கிரெச்சன் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டிவியில் கோட் போட்ட ஒருவர் உறையைப் பிரித்து, நிதானமாகக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

ரென்.

இரண்டு பேரும் டிவியைப் பார்க்காமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பிட்சரா?" என்றார் டெனிஸ்.

"பிட்சர்," என்றார் வெர்னன்.

வாக்குகள் விழுந்த விதத்தையும் காட்டினார்கள். வாக்குப் போடும் பத்திரிகைக்காரர்கள் முப்பது பேர், ஆளுக்குப் பத்துப் பெயரை வரிசைப்படுத்துவார்கள், இடத்துக்கு ஏற்றபடி புள்ளி. பிரெஸ்காட் கட்சிக்காரர்கள் கசாரெஸை வேண்டுமென்றே நாலாவது ஐந்தாவது இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். கசாரெஸ் கட்சிக்காரர்களும் பிரெஸ்காட்டை அதேபோலத் தள்ளியிருந்தார்கள். இரண்டு கட்சியும் இரண்டாவது இடத்தை யாருக்காவது கொடுக்க வேண்டுமே என்று ரென்னுக்குக் கொடுத்திருந்தது. அவரை முதலிடத்தில் போட்டவர்கள் ஆறே பேர்.

"அஞ்சு நாளைக்கு ஒரு தடவை வேலைக்கு வர்றவன்," என்றார் டெனிஸ். "நான் அப்படி வேலைக்குப் போயிருந்தா என் பிள்ளைங்க பட்டினி கெடந்திருக்கும்."

"மிச்ச நாலு நாள் உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கிறான்," என்றார் வெர்னன். "அதுக்குக் கணக்கு வேணாம், டெனிஸ். கண்ணால பாத்தாலே தெரியுது."

"இல்ல, கணக்கு சொல்லுங்க. நான் கேக்கறேன்."

வெர்னன் எழுந்து மறு கோடிக்குப் போனார். கோரி அவசரமாகத் தட்டோடு நகர்ந்தான். கசாரெஸ் எத்தனை ஆட்டம் ஆடினார், ரென் எத்தனை ஆடினார் என்று வெர்னன் விளக்க, டெனிஸ் ஒவ்வொன்றுக்கும் தலையில் அடித்துக்கொண்டார். பிரெஸ்காட்டுக்குப் போயிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்றார். கசாரெஸ் ஒன்றும் மோசமில்லை என்றார் வெர்னன். முப்பது பேருக்கும் கண்டனக் கடிதம் எழுதுவது என்று முடிவாயிற்று. சாப்பிடக் கூப்பிட்டபோது இருவரும் தோளில் கை போட்டுக்கொண்டு வந்தார்கள். வெர்னன் சாஸ் பாட்டிலை எடுத்து, சம்பந்தியைப் பார்த்து, திறக்காமலே கீழே வைத்தார்.

நானும் பெக்கும் சமையலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஆளுக்கு ஒரு கோப்பை பிராந்தி குடித்தோம். ஜூலைக்குப் பிறகு நான் ருசித்துக் குடித்தது அதுதான்.

கிரெச்சன் உள்ளே வந்து கதவில் சாய்ந்து நின்றாள். சிரிப்பா அழுகையா என்று தெரியாத முகம்.

"ரெண்டு பேரும் பேசறாங்களாம்மா. ஒண்ணா மேடை ஏறி, மாத்தி மாத்திப் பேசப்போறாங்களாம்."

"நல்லதுதானே?"

"பிட்சருங்க எப்படிச் சோம்பேறிங்கன்னு ஆரம்பிச்சு, குடும்பம்னா தினமும் ஆடறதுன்னு முடிக்கப்போறாங்களாம்."

பெக் கோப்பையைக் கீழே வைத்தாள். கோரி காலேஜில் நான்கு வருஷம் பிட்சராக இருந்தவன். அப்போது போட்டு ஆடிய சட்டை இன்னும் டெனிஸின் வீட்டுச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறது.

கதவை லேசாகத் திறந்து பார்த்தோம். மேஜையில் இரண்டு அப்பாக்களுக்கும் நடுவில் உட்கார்ந்து, கோரி மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"ஆமாப்பா," என்றான். "பிட்சருக்கெல்லாம் விருது எதுக்கு?"

கிரெச்சன் என் கோப்பையில் மிச்சம் இருந்ததை வாங்கிக் குடித்தாள். "இவனையே கட்டிக்கறேம்மா," என்றாள்.