பெட்டிக்குள் விழுந்த மாசிக்காய்

எங்கள் ஹாதர்லி இயற்கை ஆய்வுச் சங்கத்தில் தவளைக்குப் பல் உண்டா என்று தெரியாதவர்கூட உறுப்பினர் ஆகலாம். பூட்ஸ் தைப்பவர் மட்டும் ஆகக்கூடாது. விதிப்புத்தகத்தில் அப்படி இல்லை. தலைவர் பாதிரியார் த்ரெல்ஃபாலின் மனத்தில் இருந்தது.

1863 ஏப்ரலில், செயலாளரும் மருந்துக்கடைக்காரனும் பிடிவாதக்காரனுமான நான், ஈனாக் பாரக்ளோவின் பெயரை முன்மொழிந்தேன். வாரமெல்லாம் பூட்ஸ் தைத்துவிட்டு ஞாயிறுதோறும் மரம் மரமாக அலைகிறவர். இலைப்பூச்சிகளைப் பற்றி எங்கள் எல்லோரையும்விட அதிகம் தெரிந்தவர். ஆனால் உறுப்பினர் அல்லாதவர் எதைக் கண்டாலும் சங்கப் பதிவேட்டில் ஏறாது. பத்து வருஷ உழைப்பு வீணாய்க் கிடந்தது. எனக்கு வயிறெரிந்தது.

அன்று மாலை பதினாலு பேர் வந்திருந்தோம். ஆளுக்கு ஒரு வெள்ளை உருண்டை, ஒரு கறுப்பு உருண்டை. பெட்டியின் துணி மூடிய வாய்க்குள் கைவிட்டு, வேண்டியதைப் போடவேண்டும். ஒரே ஒரு கறுப்பு விழுந்தாலும் ஆள் வெளியே. ஈனாக் வெளியே நடையில் தொப்பியைத் திருகிக்கொண்டு நின்றிருந்தார்.

பெட்டியைக் கவிழ்த்தேன். பதின்மூன்று வெள்ளை. ஒரு கறுப்பு.

"முடிஞ்சுது. அடுத்த விஷயத்துக்குப் போவோம்," என்றார் பாதிரியார், சந்தோஷத்தை மறைக்கக்கூட முயலாமல்.

டாக்டர் பிக்கர்ஸ்கில் அந்தக் கறுப்பை எடுத்து நகத்தால் சுரண்டினார். "அட, இது உருண்டையே இல்லய்யா. மாசிக்காய்! ஓக் மரத்துல பூச்சி முட்டை வச்சு வீங்குமே, அது!"

அவ்வளவுதான், தேர்தலை எல்லோரும் மறந்தார்கள். எந்தப் பூச்சியின் காய் என்று பதினாலு பேரும் பதினாறு கட்சி ஆனோம். பூதக்கண்ணாடி கைமாறியது, யாருடைய தேநீரோ கவிழ்ந்தது. "வெளிய நிக்கிறாரே, அவரையே கேட்டா என்ன?" என்றேன். எவரை உள்ளே விடலாமா என்று வாக்கெடுத்தோமோ, அவரையே கூப்பிட்டோம். எங்களுக்கு அது விநோதமாகவே படவில்லை.

ஈனாக் காயைச் சன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "சங்கப் பதிவேட்டுல இது இதுவரைக்கும் ஏறினதே இல்லீங்க. எடுத்தவர் யாரோ, அவர் பேரைத்தான் மொதல்ல போடணும்."

பாதிரியாரின் காது சிவந்தது.

"டாக்டர் பேரையே போட்டுடலாமே," என்றேன், சும்மா கிள்ளிப் பார்க்க.

"அதெப்படி! நான் எடுத்தது! போன செவ்வாக்கிழமை, கல்லறைத் தோப்புல! என் கோட்டுப் பையிலதான் இருந்துச்சு!" என்று பாதிரியார் பையைத் துழாவினார். சங்கத்தின் கறுப்பு உருண்டை வெளியே வந்தது. அதற்குப் பதிலாகக் காயைப் பெட்டியில் போட்டிருக்கிறார்.

தன் வாக்கை வெளியிட்டவரின் வாக்கு செல்லாது. பதினேழாம் விதி. எழுதியவர் பாதிரியார் த்ரெல்ஃபால். அதை நான் வாசிக்கவில்லை, கிட்டத்தட்டப் பாடினேன். அவரோ, "பதிவேட்டுல என் பேரைக் கொட்டை எழுத்துல போடும்," என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது புது உறுப்பினரைக் கேட்டேன். "அவ்வளவு அபூர்வமா அது?"

"அபூர்வம்னு நான் எங்கேங்க சொன்னேன்?" ஈனாக் சிரித்தார். "எங்க வீட்டுக்குப் பின்னால இருக்கிற மரம் பூரா அதுதான். எட்டு வருஷமா பாக்கிறேன்."

"பின்னே ஏன் பதிவேட்டுல இல்ல?"

"பாத்தவன் நானாச்சுங்களே."