ம் கொட்டுகிறவன்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து சண்டைக்கு நிற்க வேண்டாம். எலும்பு முறிவுக்காக நான் மருத்துவமனையில் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண் இதைப் பாதி சொன்னாள். அந்தப் பாதியை நான் ஒரு சிறுவர் நாவலுக்குள் வைத்தேன். ஒரு குரல் கலைஞர் நாவலை வாசித்து ஒலிப்புத்தகம் ஆக்கினாள். அதை என் மகள் கேட்டாள். நடந்தது இவ்வளவுதான்.

இப்போது பக்கத்து அறையில் என் மகள் பேசிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பதினோரு வயது. போன வாரத்திலிருந்து அவள் வாயை மூடவில்லை.

எப்படித் தொடங்குவது என்று சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

[“மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு…” சீ. மழையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. நல்ல வெயில்.]

[“எல்லா இனங்களின் தொன்மங்களிலும், கேட்பவன் என்ற உருவம்…” இதெல்லாம் மேடையில் பொன்னாடை போர்த்திய பிறகு பேச வேண்டியது.]

[“என் பிள்ளையை விட்டுவிடு.” இதுதான் உண்மையான முதல் வரி. ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் பயந்து பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். எனக்கு நீங்கள் கடைசிவரை வேண்டும்.]

2

பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மாயாஜால நாவல் எழுதுவது என் பிழைப்பு. பள்ளிக்கூடத்தில் யாரும் சேர்த்துக்கொள்ளாத ஒரு பெண், அவளுக்கு மட்டும் தெரியும் ஒரு கதவு, கதவுக்கு அந்தப் பக்கம் வேறு யாரோ ஒரு மக்களின் தெய்வங்கள். பனிநாட்டுப் பேயை எழுதியிருக்கிறேன், தீவுக்காரர்களின் திமிங்கலத் தாயை எழுதியிருக்கிறேன். பனியையும் பார்த்ததில்லை, தீவையும் பார்த்ததில்லை. பின்னட்டையில் ‘உலகத் தொன்மங்களின் கதம்பம்’ என்று போடுவார்கள். கதம்பம் கட்டுகிறவளுக்குச் செடி எங்கே நிற்கிறது என்று தெரிய வேண்டுமா என்ன?

பக்கத்துக் கட்டில் பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். பாத்திரமாக அவள் தேறமாட்டாள். ஏரிக்கரையில் வாழும் ஏதோ ஒரு சிறு இனத்தைச் சேர்ந்தவள் என்றால் நரைத்த சடை, பச்சை குத்திய கை, ஆழமான கண் என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். இவளுக்கு என் வயதுதான் இருக்கும். தோள்பட்டையில் கட்டு, காலில் பூப்போட்ட சாக்ஸ். ஏதோ கடையில் கணக்குப் பார்க்கிறவள். அப்படியே விட்டுவிடுகிறேன்.

“நீங்க கதை எழுதுறவங்களாமே. எங்க ஆளுங்க கதை ஒண்ணு சொல்லட்டுமா?”

“தாராளமா சொல்லுங்க. நானும் எவ்வளவு நேரந்தான் ஃபேனையே பாத்துட்டுக் கெடக்கறது.”

“ஆனா நடுவுல ம் கொட்டக் கூடாது.”

“ஏன்?”

“கொட்டாதீங்களேன்.”

வேகவேகமாகச் சொன்னாள். தூக்க முடியாத மூட்டையை இறக்கி வைக்கிற அவசரம் அதில் இருந்தது. ஓரிடத்தில் சட்டென்று நிறுத்தினாள். நான் “அப்புறம்?” என்றேன். அவள் தலையணையில் சாய்ந்து தூங்கிப்போனாள். அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் என்னை எக்ஸ்ரே எடுத்துத் திரும்பக் கொண்டுவந்தபோது பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. நர்ஸிடம் கேட்டேன்.

“அந்தம்மாவா? டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க. அப்பாடா! வந்ததுலேர்ந்து தனக்குத்தானே பேசிட்டே இருந்தாங்க. நேத்துதான் வாய மூடித் தூங்குனாங்க.”

(இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அப்போது உறைக்கவில்லை.)

3

அந்த நாவலைப் போல எதையும் நான் வேகமாக எழுதியதில்லை. ஒவ்வொரு பத்தி முடியும்போதும் முதுகுக்குப் பின்னால் யாரோ ‘ம்’ என்று சொல்வதுபோல இருக்கும். நல்ல ‘ம்’. மேலே சொல்லு என்கிற ‘ம்’. எழுதுவதை நிறுத்தினால் மட்டும் பிடரியில் ஒரு கூச்சம், நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கிற மாதிரி. அதனால் நிறுத்தாமல் எழுதினேன். எழுதுகிற எங்கள் இனத்துக்கு ஒரு திமிர் உண்டு, பின்னால் ஏதாவது மூச்சு விட்டால் அதைத் திறமை என்று நினைத்துக்கொள்வோம்.

கட்டில்காரி சொல்லாமல் விட்ட முடிவை நானே ஒரு மாதிரி இட்டுக்கட்டினேன். எடிட்டர் போனில் கூப்பிட்டார்.

“மேடம், கடைசி அத்தியாயத்தைத் தூக்கிடலாம்.”

“தூக்கிட்டா கதை அந்தரத்துல தொங்குமே சார்.”

“தொங்கணும் மேடம். தொங்கினாத்தானே ரெண்டாம் பாகம் ஓடும்.”

அவர் கெட்டவர் இல்லை. முதல் அத்தியாயத்தையும் கடைசி அத்தியாயத்தையும் மட்டும் படிக்கிறவர், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது இது. பிள்ளைகளைக் கதவுவரைக்கும் கூட்டிக்கொண்டு போய் முகத்தில் அறைந்து சாத்திவிட வேண்டும், அடுத்த வருஷம்வரை ஏங்கட்டும். சரி, தூக்குங்கள் என்றேன்.

4

குரல் கலைஞர் என்னைவிடச் சின்னவள், அக்கா என்று கூப்பிடுவாள். அவள் கைப்பிரதியைக் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டதாகச் செய்தி அனுப்பிய அன்றோடு என் ‘ம்’ நின்றுபோனது. ஒரு வரி ஓடவில்லை. களைப்பு என்று நினைத்தேன்.

ஒலிப்பதிவு அறையை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் பஞ்சு மெத்தை. பதிவு தொடங்குமுன் யாரும் பேசாமல் அந்த அறையின் அமைதியைக் கொஞ்ச நேரம் பதிவு செய்வார்கள். பிறகு வாக்கியங்களுக்கு நடுவே இடைவெளி வேண்டிய இடத்திலெல்லாம் அந்த அமைதியைத் துண்டு துண்டாக ஒட்டுவார்கள். கதை கேட்கும்போது நீங்கள் மௌனம் என்று நினைப்பது அதைத்தான்.

“அக்கா, ரூம் அமைதி எடுத்தோம்ல, அதுல யாரோ ம் கொட்டறாங்க.”

“உன் வயித்துச் சத்தமா இருக்கும்டி. சாப்பிட்டுட்டுப் போ.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். வெளில வந்து கதவ சாத்திட்டு எடுத்துப் பாத்தோம். அப்பவும் இருக்கு. ஒவ்வொரு தடவையும் மைக்குக்கு இன்னும் கொஞ்சம் கிட்ட வருது.”

நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள், ஆனால் சிரிப்பு முடிந்தும் பேச்சை நிறுத்தவில்லை. வெயில், வாடகை, பல்வலி என்று ஏதேதோ சொல்லிக்கொண்டே போனாள். நான்தான் போனை வைத்தேன். டீ குடிக்கக்கூட எழுந்திருக்காமல் முழு நாவலையும் வாசித்து முடித்துவிட்டாளாம்.

வெளியிடுமுன் சரிபார்க்க எனக்குப் பதிவை அனுப்பினார்கள். எனக்குச் சோம்பேறித்தனம். மகளிடம் கொடுத்தேன். என் எல்லா நாவல்களுக்கும் முதல் நீதிபதி அவள்தான்.

“எங்க போரடிக்குதுன்னு மட்டும் சொல்லு.”

இரண்டு நாள் கழித்துக் குரல் கலைஞர் துள்ளிக்கொண்டு கூப்பிட்டாள். “அக்கா, ரூம் சுத்தமாயிடுச்சு! நேத்து மத்தியானத்துலேர்ந்து ஒரு சத்தம் இல்ல.”

முந்தின நாள் மத்தியானம்தான் என் மகள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள்.

5

கழற்றியதும் நேரே சமையலறைக்கு வந்தாள்.

“அம்மா, முடிவு எங்க?”

“ரெண்டாம் பாகத்துல.”

“அதுவரைக்கும் அவன் எங்க இருப்பான்?”

“புத்தகத்துக்குள்ளதான். வேற எங்க போவான், மாமியார் வீட்டுக்கா? போய் வீட்டுப்பாடம் எழுது.”

அவள் சிரிக்கவில்லை. வாசல் கதவையே பார்த்தாள். “வெளில ம்னு சொல்றாங்கம்மா.”

அன்று தொடங்கியது பேச்சு. வாய்ப்பாடு, வகுப்பில் யார் யாரைக் கிள்ளினாள், ஷாம்பூ பாட்டிலில் அச்சடித்திருப்பது, எதுவானாலும் சரி. பால் குடிக்கும்போது மூக்கால் முனகுவாள். தன்னை மீறிக் கண்ணயர்ந்தால் கொஞ்ச நேரத்தில் அலறிக்கொண்டு எழுந்திருப்பாள். “வாய மூடினா கிட்ட வர்றான்மா.” டாக்டர் பயம் என்றார், மருந்து எழுதிக் கொடுத்தார். தொண்டை கிழிந்து இப்போது வெறும் காற்றுதான் வருகிறது. அந்தக் காற்றிலும் வார்த்தை இருக்கிறது. என் பிள்ளை இளைத்துப்போய்விட்டாள். எனக்கு அழுகையாக வருகிறது, எழுத்து தெரியவில்லை.

நேற்று அவள் வாயருகே காதை வைத்தேன். மூச்சு வாங்க அவள் நிறுத்துகிற சின்ன இடைவெளியில் எனக்கும் கேட்டது.

‘ம்.’

பொறுமையாக, ஆசையாக. வாழ்நாள் முழுக்க நான் ஏங்கிய வாசகன் அப்படித்தான் இருந்திருப்பான்.

“எங்க இருக்கான் கண்ணு?”

“கட்டில் கால்மாட்டுல.”

இன்று காலையில் கேட்டேன். விரலால் தலையணையைத் தொட்டுக் காட்டினாள்.

6

முடிவுதானே வேண்டும்? முடிவு சொல்வது எனக்குக் கைவந்த கலை. கட்டிலருகே உட்கார்ந்து சத்தமாகச் சொன்னேன்.

முடிவு ஒன்று: கதவைத் திறந்த பெண் அவனைக் கட்டிக்கொண்டாள், அவனுக்கு இருந்ததெல்லாம் தனிமைதான். (எடிட்டருக்குக் கண் கலங்கும்.) மகள் தலையாட்டினாள், இல்லை என்று.

முடிவு இரண்டு: அவன் அவளுடைய காணாமல்போன அண்ணன். இல்லை.

முடிவு மூன்று: அவள் கையில் ஒரு வாள் முளைத்து [இதை எழுதவே கூசுகிறது.] இல்லை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “கதை முடிஞ்சுபோச்சுடா! எழுந்து போடா நாயே!” என்று வெறும் தலையணையைப் பார்த்துக் கத்தினேன். அறை அமைதியானது. ஒரு நொடி நம்பினேன். பிறகு மகள் என் கையைப் பிடித்தாள். “போகலம்மா. இப்பக் கேள்வி மாதிரி ம்ங்கறான்.”

நர்ஸின் காலில் விழாத குறையாகக் கெஞ்சிக் கட்டில்காரியின் எண்ணை வாங்கினேன்.

“முடிவச் சொல்லுங்க.”

“எனக்குத் தெரியாதுங்க. எங்க நாத்தனார் என்கிட்ட பாதிதான் சொன்னா.”

“நீங்க எப்படித் தப்பிச்சீங்க?”

“உங்ககிட்ட சொன்னேன்ல.”

“அப்ப என் பொண்ணு என்கிட்டயே சொல்லட்டும். நான் வாங்கிக்கறேன்.”

“ஒரு தடவை கேட்ட காதுக்குத் திரும்ப வராது. கேக்காத ஆளா இருக்கணும். அவதான் சொல்லணும்.”

“உங்களுக்கு வெக்கமா இல்ல?”

“எனக்கும் பிள்ளைங்க இருக்காங்க,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

7

ஒலிப்புத்தகத்தை நிறுத்திவிட்டேன். பதிவையும் அழிக்கச் சொல்லிவிட்டேன். எடிட்டர் என்மேல் கொலைவெறியில் இருக்கிறார். எந்தக் குழந்தையும் அதைக் கேட்கப் போவதில்லை. ரொம்ப நல்லவள் என்று நினைத்துவிடாதீர்கள். குழந்தை கிடையாது என்றால் யார் என்று நீங்கள் கேட்கவில்லையே.

இந்தக் கதையைப் பெரியவர்கள் படிக்கிற இடத்தில் மட்டும் போட வேண்டும் என்று அடம்பிடித்துக் கொடுத்திருக்கிறேன்.

இதுவரை அந்தக் கதையை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. கவனித்தீர்களா? ஒரு கதவு, ஒரு பெண் என்று விளிம்பில் தொட்டதோடு சரி. எட்டாம் பகுதியில்தான் கதை இருக்கிறது. மகள் காற்றுக் குரலில் சொல்லச் சொல்ல நான் எழுத்து மாற்றாமல் எழுதியது. சொல்வது அவள். கேட்காத ஆள் நீங்கள்.

என்னைப் போன்றவர்கள் எழுதும் கதையில், முடிவை வாசகரிடம் விட்டுவிடுகிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்வது வழக்கம். நான் அதைத்தான் செய்கிறேன். இப்போதே எழுந்து போகிறவர்கள் போகலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். யாராவது ஒருவர் இருந்தால் போதும். எனக்கு இருப்பது ஒரே பிள்ளை.

இருப்பவருக்கு: முதலில் தூரத்தில்தான் உட்காருவான். பேசிக்கொண்டே இருங்கள். முடிவு கிடைத்தால் அவனிடம் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால், கேட்காத ஆள் உலகத்தில் நிறைய. நீங்கள் படித்து முடிக்கிற நேரம் எனக்குத் தெரிந்துவிடும். பக்கத்து அறையில் சத்தம் நிற்கும், நான் போய் அவளுக்குப் போர்த்திவிடுவேன்.

8

“ஒரு ஏரி இருந்துச்சு. உலகத்தச் செஞ்ச அம்மா எல்லாரையும் அந்தக் கரைல ஒக்காந்துதான் செஞ்சாங்க. கடைசில கொஞ்சம் களிமண் மிச்சம். அதுல ஒருத்தனச் செஞ்சாங்க. மண்ணு பத்தல. அதனால காது மட்டும் வெச்சாங்க, வாய் வெக்கல. அவனால ம் மட்டுந்தான் சொல்ல முடியும். யாராவது கதை சொன்னா தூரமா வந்து ஒக்காருவான். முடிஞ்சதும் எழுந்து போயிடுவான். யாரையும் ஒண்ணும் பண்ண மாட்டான். ஒரு நாள் ஒரு பொண்ணு அவனுக்குக் கதை சொல்லிட்டிருந்தா. பாதில அவ அம்மா கூப்பிட்டாங்க. இதோ வந்துடறேன்னு சொல்லிட்டுப் போனா. போனவ மறந்துட்டா. அவன் காத்திருந்தான். ஒண்ணும் கேக்கலயேன்னு கொஞ்சம் கிட்ட வந்தான். அப்பவும் கேக்கல. இன்னும் கிட்ட வந்தான். வீட்டுக்கே வந்துட்டான். உள்ள அந்தப் பொண்ணுக்கு ம்னு கேட்டுச்சு. அவளுக்கு ஞாபகம் வந்துருச்சு, ஆனா கதையோட மீதி மறந்துபோச்சு. அவ எழுந்து போய்க் கதவத் தொறந்தா. வாசல்ல அவன்