புஷ்ரா பேரில் ஓடிய லாரி

வைகாசியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பால்காரர் வந்து போன கையோடு, மயிலாப்பூர் நூர் முஹம்மதுவின் தண்ணீர் லாரிப் புகை நங்கநல்லூரில் அவர் மகள் புஷ்ரா வாழ்க்கைப்பட்ட வீட்டுக்கு வந்து சேர்ந்தது. லிஃப்ட் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தும் அது மூன்று மாடியும் படியேறித்தான் வந்தது. வாசலில் சற்று நின்று பார்த்தது. யாரும் கூப்பிடாததால் தானே உள்ளே நுழைந்து, கூடத்தில் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. புஷ்ராவின் மாமியார் அமீனா பீ ஜன்னலைத் திறந்தார், ஃபேனைக் கூட்டி வைத்தார், முறத்தை எடுத்து விசிறியும் பார்த்தார். அது அசைந்து கொடுக்கவில்லை. ஏழு மாத வயிற்றோடு அறையிலிருந்து எழுந்து வந்த புஷ்ரா ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, "இது எங்க வண்டிப் புகை அத்தை" என்றாள். பிறந்ததிலிருந்து அந்த வாசனையில் வளர்ந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

அந்த லாரி அவள் பேரில் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். தண்ணீர் லாரிக்காரர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. ஓட்டுகிறவர் ஒருவர், வண்டி இருப்பது வீட்டில் யாருக்கு ராசி இருக்கிறதோ அவர் பேரில். தெற்கே தோட்டக் கிணறுகளில் தண்ணீர் ஏற்றி அடையாறு, தியாகராய நகர் அடுக்குமாடிகளுக்கு ஊற்றிக்கொண்டிருந்த நூர் முஹம்மதுவுக்கு, நகரமே குடத்தோடு தெருவில் நின்ற ஒரு கோடையில் தூங்கவும் நேரமில்லாத அளவுக்கு ஓட்டம் கிடைத்தது. புஷ்ராவுக்குப் பதினெட்டு வயது முடிந்த வருஷம் அது. அவள் ராசிதான் என்று முடிவு கட்டி, ஆர்.சி. புத்தகத்தை அவள் பேருக்கு மாற்றினார், டேங்க்கின் இரண்டு பக்கமும் 'புஷ்ரா வாட்டர் சப்ளை' என்று பச்சையில் எழுதினார், கச்சேரி ரோடு முழுக்கப் பாயசம் கொடுத்தார். அவர் மனைவி ஜைதூன் பீ மட்டும், பொம்பளைப் பிள்ளை பேரை எதற்கு ரோட்டில் ஓட விடுகிறீர்கள் என்று முணுமுணுத்தார். ஆசை கண்ணை மறைத்த மனுஷனிடம் அதெல்லாம் எடுபடுமா?

புகை ஏன் இத்தனை வருஷம் கழித்துத் திரும்பியது என்பதற்கு ஊரில் பல காரணம் சொன்னார்கள். பழைய டீசல் லாரிகள் புகைச் சோதனையில் தேறாவிட்டால் இனி எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று கிடையாது, ரோட்டிலும் ஓடக் கூடாது என்று புது விதி வந்த வாரம் அது. போக்கிடம் இல்லையென்று தெரிந்ததும் புகையும் சொந்தக்காரரைத் தேடி வந்துவிட்டது என்றார்கள். மற்ற லாரிகளின் புகைக்கு ஏன் அந்த ரோஷம் இல்லை என்று கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை.

முதலில் வந்தது அன்றைய புகை. மறுநாள் அதற்கு முந்தின மாதத்துப் புகை வந்தது. பிறகு வருஷக்கணக்கில் பின்னுக்குப் போய் வரத் தொடங்கியது. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு அப்பா தன்னைச் சாந்தோம் வரை லாரியிலேயே கொண்டுபோய் விட்ட நாளின் புகையைப் புஷ்ரா அடையாளம் கண்டுகொண்டாள். பெருவெள்ளத்து வருஷப் புகை ஈரமாக வந்து சுவரில் படிந்தது. அமீனா பீ நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. பார்க்க வந்தவர்களிடம், "சம்பந்தி வூட்டு சீரு வந்துகினே கீது, வேணாம்னு சொல்ல முடியுமா?" என்றார். கீழ் வீட்டு மாமி, "உங்காத்துக்கு யாரோ வந்திருக்கான்னு சொன்னாளே, இன்னுமா போகலை?" என்று படியில் நின்று விசாரித்தார். ஒரு மாதத்தில் எல்லாருக்கும் பழகிவிட்டது. பழகாதது புஷ்ராவின் மூச்சு ஒன்றுதான். இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச முடியாமல் இழுத்தது. புகை இல்லாத இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வயிற்றில் இருப்பதற்கும் ஆபத்து என்று டாக்டர் சொன்னார்.

நூர் முஹம்மது அவளை மயிலாப்பூருக்கு அழைத்து வந்தார். புகையும் பின்னாலேயே வந்தது. பல்லாவரத்தில் ஒரு தங்கச்சி வீட்டில் வைத்துப் பார்த்தார், அங்கேயும் வந்தது. கடைசியில் நங்கநல்லூருக்கே திரும்பக் கொண்டுபோய் விட்டார். லாரியைப் பட்டினப்பாக்கத்தில் கடலைப் பார்க்க நிறுத்திவிட்டுச் சாவியை ஜைதூன் பீ கையில் கொடுத்தார். வண்டி நின்றது, புகை நிற்கவில்லை. விட்டதெல்லாம் வந்து தீர வேண்டுமே! வீட்டுவரி பாக்கி மாதிரி, எந்தக் காலத்துப் புகையானாலும் இன்று யார் பேரில் வண்டியோ அவர்தான் பொறுப்பு என்பது அதற்குள் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. பேரைத் தன் பேருக்கு மாற்றிவிட்டால் புகை தன் வீட்டுக்கு வந்துவிடும் என்று நூர் முஹம்மது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு ஓடினார். கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எஃப்.சி. இல்லாத வண்டிக்குப் பேர் மாற்றம் கிடையாது பாய் என்றார். புகைச் சோதனையில் தேறாததால் எஃப்.சி. இல்லை. லாரியை உடைத்துப் போட்டாலோ, கடைசியாக இருந்த பேர் அப்படியே நின்றுவிடும். விதியைத் தளர்த்தினால் மட்டும்தான் வழி.

அந்தக் கோடையில் சென்னையில் லாரி வைத்திருந்த எல்லாரும் தளர்த்துவார்களா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை தளர்த்துகிறார்கள் என்பார்கள், வெள்ளி வரும், போகும். டெல்லியில் பேசியாகிவிட்டது என்று ஒருவர் அடித்துச் சொல்வார், அவருக்கு டெல்லியில் யாரைத் தெரியும் என்று தெரியாது. நூர் முஹம்மது டீக்கடையில் பேப்பரை முதல் பக்கத்திலிருந்து கடைசி விளம்பரம் வரை பார்த்துவிட்டு, பஸ் பிடித்து நங்கநல்லூர் போய், மகள் மூச்சு இழுப்பதைக் கதவோரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்புவார். காத்திருந்து காத்திருந்து அவர் முதுகு கூன் போட்டுவிட்டது.

கடைசியில் கருத்துக் கேட்க ஒரு குழு வந்தது. தியாகராய நகரில் ஒரு கல்யாண மண்டபத்தில், முந்தின நாள் கட்டிய வாழைமரத்தைக்கூட அவிழ்க்காமல் கூட்டம் நடந்தது. லாரி உரிமையாளர் சங்கத் தலைவர் வெள்ளைச்சாமி, விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து நான்கு லாரி வாங்கி நின்றவர், பிழைப்பு, உதிரிபாகம், டீசல் விலை என்று வரிசையாகப் பேசினார். தளர்த்தவே கூடாது என்று பேச அடையாறிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். அவர்கள் பேசும்போது லாரிக்காரர்கள் இருமினார்கள். வேண்டுமென்று இருமியது பாதி, நிஜ இருமல் பாதி. நூர் முஹம்மதுவின் முறை வந்ததும் எழுந்து, "என் பொண்ணு வூட்டாண்ட போற புகைய என் வூட்டுக்குத் திருப்பி வுடுங்க சார். வேற ஒண்ணியும் கேக்கல" என்றார். மேடையில் இருந்த அதிகாரி மொத்தப் புகை எவ்வளவு இருக்கும், எத்தனை மணிக்கு வருகிறது என்று விசாரித்து, 'இதர கோரிக்கைகள்' என்பதன் கீழ் குறித்துக்கொண்டார்.

அன்று மாலை மகளைப் பார்க்கப் போனபோதுதான் அவருக்கு அடுத்தது காத்திருந்தது. பொதுமக்களும் ஃபோனில் கருத்து அனுப்பலாம் என்று சொல்லியிருந்தார்கள். புஷ்ரா அனுப்பியிருந்தாள்.

"தளர்த்தக் கூடாதுன்னு போட்டுட்டேன் அத்தா" என்றாள். ஒவ்வொரு சொல்லுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். "நம்ம புகை நம்மளத் தேடி வருது. மத்தவங்களுது யார் வூட்டுக்குப் போவுது? யாருன்னா கேட்டாங்களா?"

"நீ மொதல்ல மூச்சு வுடும்மா. அப்பால ஊரப் பாக்கலாம்."

"ஊர்லதானே நானும் கீறேன்."

அவள் சொல்வது சரி என்று அவருக்குத் தெரியும். சரி என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வசதி இல்லை, அவ்வளவுதான்.

ஆனி முடிவதற்குள் தளர்த்திவிட்டார்கள். பழைய லாரிகள் இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறபடியே ஓடலாம் என்றார்கள், குடும்பங்களின் சிரமத்தைக் கருதி என்று காரணமும் சொன்னார்கள். சங்க வாசலில் ஆயிரம்வாலா வெடித்தது. வெள்ளைச்சாமி ஓடிவந்து கட்டிக்கொண்டு, "பாய், ஒங்க பேச்சுலதான் அவுக மனசு எளகிருச்சு" என்றார். தன் மகள் ஒருத்திக்காகப் பேசியது ஊரில் இருக்கிற அத்தனை லாரிக்கும் வழிவிட்டுவிட்டது என்பது அந்த நிமிஷத்தில்தான் நூர் முஹம்மதுவுக்கு உறைத்தது. மறுநாள் பேர் மாற்றக் கவுண்டரில் நல்ல கூட்டம். மனைவி பேரில், மகள் பேரில், தங்கச்சி பேரில் லாரி வைத்திருந்த ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். வெள்ளைச்சாமியும் நின்றார். அவருடைய நான்கு லாரியும் மனைவி தங்கம் பேரில் இருந்தன.

நூர் முஹம்மதுவின் முறை வந்ததும், வாரிசாக யார் பேரைப் போடுவது என்று கேட்டார் கவுண்டர்காரர். ஒரே மகள்தானே, புஷ்ரா பேரைப் போட்டுவிடவா என்று அவராகவே எழுதவும் போனார். நூர் முஹம்மது கம்பிக்குள் கைவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "யார் பேரும் வேணாம் சார். என்னோட முடியட்டும்" என்றார். அப்படி விட முடியாது, நீங்கள் இல்லாவிட்டால் தானாக மகளுக்குத்தான் போகும் என்றார் கவுண்டர்காரர். பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. அவர் வாரிசுக் கட்டத்தில் வெறும் கோடு ஒன்றைப் போட்டுவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்று மாலை அசர் தொழுகை நேரத்தில் புகை நங்கநல்லூர் வீட்டில் எழுந்து நின்றது. அமீனா பீ கதவை அகலத் திறந்து வைத்தார். போகிற வழியில் எங்கேயாவது உட்கார்ந்துவிடப் போகிறது என்று புஷ்ராவின் கணவன் தௌசீஃப் பைக்கில் பின்னாலேயே போனான். கிண்டியில் சிவப்பு விளக்குக்கு நின்றது, அடையாறு பாலத்தில் இடதுபக்கமாகவே போனது, மந்தைவெளியில் ஒரு ஆம்புலன்ஸுக்கு ஒதுங்கியது. லாரிக்கு இல்லாத ஒழுங்கு அதன் புகைக்கு இருந்தது என்று அவன் பிறகு எல்லாரிடமும் சொன்னான். மயிலாப்பூரில் ஜைதூன் பீ தலைப்பிரசவத்துக்காக மகளுக்கென்று சுண்ணாம்பு அடித்து வைத்திருந்த அறையைத் திறந்துவிட்டார். புகை அங்கே போய் உட்கார்ந்தது. ஆவணியில் புஷ்ராவுக்கு நங்கநல்லூரிலேயே பெண் குழந்தை பிறந்தது, சிம்ரா என்று பேர் வைத்தார்கள். அம்மா வீட்டில் பிறக்க வேண்டிய குழந்தை.

நூர் முஹம்மது லாரியைப் புதுப்பேட்டையில் உடைக்கக் கொடுத்துவிட்டு வெள்ளைச்சாமியின் வண்டி ஒன்றை ஓட்டப் போனார். தளர்த்தின பிறகு உடைக்கிறாரே என்று சங்கத்தில் சிரித்தார்கள். விதியை அதற்கப்புறம் இன்னொரு தடவையும் தளர்த்தினார்கள். பழைய புகை வந்துகொண்டேதான் இருந்தது. நூர் முஹம்மதுவுக்கு இருந்த ஒரே பயம், அது தீருவதற்குள் தான் செத்துவிடுவோமோ என்பது. செத்தால் புகை நேரே புஷ்ரா வீட்டுக்கு, சிம்ரா தூங்குகிற கூடத்துக்குப் போகும். அதனால் பீடியை விட்டார். காலையில் நாகேஸ்வரராவ் பூங்காவில் நடந்தார், மாத்திரையை வேளை தவறாமல் போட்டுக்கொண்டார். ஒருத்தர் உள்ளே இழுத்த புகை திரும்ப வெளியே வருவதில்லை என்று கண்டுகொண்ட பிறகு, தினமும் வேலை முடிந்ததும் அந்த அறையில் பாய் விரித்து உட்கார்ந்து, கஷாயம் குடிக்கிறவர் மாதிரி முகத்தைச் சுளித்துக்கொண்டு, முடிந்தவரை இழுத்தார். இருமல் அடங்கியதும் மறுபடி இழுத்தார்.

ஒரு நாள் ஜைதூன் பீ உள்ளே வந்து கதவைச் சாத்திவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நீ எதுக்கு, எழுந்து போ என்றார் நூர் முஹம்மது.

"நவுருங்க" என்றார் ஜைதூன் பீ. "ரெண்டு பேரா இழுத்தா சீக்கிரம் தீரும்ல."

அவர் நகர்ந்து இடம் கொடுத்தார்.