தினம் ஒரு ரொட்டி

அக்ரூட் கொட்டையை ஓங்கித் தட்டினால் பருப்பு நொறுங்கும். நொறுங்கியதற்குப் பாதிக் கூலிதான். அதனால் தமீராவின் சுத்தியல் பதமாகவே இறங்கும். ஓஷ் நகரச் சந்தையின் பின்புறக் கொட்டகையில் காலையிலிருந்து உடைத்தவள், கறுத்துப்போன விரல்களைத் துடைத்துக்கொண்டு, வழக்கம்போல் சந்தை வாசலிலிருந்த ஏடிஎம்முக்குப் போனாள்.

ஒரே கணக்குக்கு இரண்டு அட்டைகள். ஒன்று இவளிடம், மற்றது எல்லை தாண்டி அல்மாட்டியில் நர்சிங் படிக்கும் மகள் பெர்மெத்திடம். கணக்கில் போட்டிருந்தது தேர்வுக் கட்டணமும் சாப்பாட்டுக்குக் கொஞ்சமும். எது எவ்வளவு என்பது மகளுக்குத்தான் தெரியும். சாப்பிட்டாயா என்று போனில் கேட்டால் எந்தப் பிள்ளைதான் இல்லை என்று சொல்லும்? தமீரா வாய்ச்சொல்லை நம்பவில்லை. மெஷின் காட்டும் இருப்பை நம்பினாள்.

"இன்னிக்கும் இருபத்தஞ்சு சோம்தான் கொறஞ்சிருக்கு," என்றாள் கூட வேலை செய்யும் அனாராவிடம். "தினம் ஒரு ரொட்டி. அதுக்கு மேல வாங்க மாட்டேங்குறா."

"உன் வயித்துல பொறந்தவ வேற எப்படி இருப்பா?"

தமீராவுக்குச் சிரிப்பு வந்தது. ரொட்டியாவது தின்கிறாளே என்ற நிம்மதியில் அன்றும் நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் வேலைக்கு நடுவே பெர்மெத் கூப்பிட்டாள்.

"அம்மா, பணம் எடுத்தியா? ஃபீஸ் கட்டப் போனேன், பத்தலங்குறாங்க. இன்னிக்குத்தான் கடைசி நாள். கட்டலன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்க."

"நான் தொடலடி. நீதானே தினம் ரொட்டி வாங்குற."

"நானா? இங்க எடுத்தா தடவைக்கு நூத்தம்பது புடிக்கிறான். ஃபீஸ் கட்டி முடியட்டும்னு அட்டையவே வெளிய எடுக்கலம்மா."

"அப்ப என்னத்தத் தின்ன?"

"டீ இருக்கு. ரூம்ல பொண்ணுங்க ஏதாச்சும் குடுப்பாங்க."

தமீரா வங்கிக்கு ஓடினாள். யாரோ திருடியிருக்கிறான் என்றுதான் நினைத்தாள். கவுன்ட்டரிலிருந்த பையன் கணக்கைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"அக்கா, சந்தை வாசல் மெஷின் வேற பேங்க்கோடது. அதுல இருப்பு பார்த்தா தடவைக்கு இருபத்தஞ்சு."

"நான் எடுக்கலயே தம்பி. பார்க்க மட்டும்தானே செஞ்சேன்."

"பார்க்குறதுக்குத்தாங்க்கா."

திருட்டாக இருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பாள். இத்தனை நாளும் பிள்ளை ரொட்டி தின்கிறாள் என்று இவள் மகிழ்ந்தாளே, அவள் ஒன்றுகூட வாங்கவில்லை. அந்த ரொட்டியெல்லாம் இவள் எட்டிப் பார்த்ததற்கே போயிருந்தது.

முதலாளியிடம் கெஞ்சி, வரப்போகும் கூலியில் கழித்துக்கொள்ளச் சொல்லி முன்பணம் வாங்கினாள். குறைந்ததை அன்றே கணக்கில் கட்டி, சாப்பாட்டுக்கென்று முந்நூறு சோமும் சேர்த்துப் போட்டாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் போன் செய்தாள்.

"ஃபீஸ் நேத்தே கட்டிட்டேம்மா. பரீட்சைக்கு விட்டுட்டாங்க."

"சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"நெசமாவா?"

"நெசமாத்தாம்மா."

சந்தை வாசலில் மெஷினுக்கு முன்னால் நின்றாள். போட்ட முந்நூறில் ஏதாவது குறைந்திருந்தால் பிள்ளை சாப்பிட்டிருக்கிறாள். பார்த்தால் அதில் ஒரு ரொட்டி போய்விடும். அட்டை கையிலேயே இருந்தது.

"ஏங்க்கா, பார்க்கப் போறீங்களா இல்லையா?" என்றான் பின்னால் நின்றவன்.

"நீ பாருப்பா," என்று தமீரா விலகி வழிவிட்டாள்.