பதினெட்டாவது கல்

முதுகில் விழுகிறது கல், சுண்டைக்காயளவுக் கூழாங்கல், முதுகெலும்புக்கு இடப்புறம், எறிந்தவனின் உள்ளங்கை வியர்வையோடு, பதினேழு என்று மனம் குறித்துக்கொள்கிறது, எதிரே ஒருவர் வெண்பாவுக்கு ஈற்றடி தருகிறார், மற்றொருவர் இடையிடையே மணியடிக்கிறார், எட்டு வேலைகளையும் ஒருசேர நினைவில் நிறுத்தும் எண்கவனக மேடையில், நாகர்கோவில் சபையொன்றில், இளைஞனாக நான் அமர்ந்திருக்கிறேன், அல்லது அமர்ந்திருந்தேன், அந்த மாலை எனக்கு இன்னும் முடியவில்லை. பின்னால் நின்று கல் போடுகிறவன் தாணுலிங்கம், என்னோடு இக்கலையைப் பயின்ற நண்பன், நண்பனையே கல்லுக்கு நிறுத்துவது எங்கள் வழக்கம், நம்பிக்கையின் அடையாளம், முடிவில் பதினேழு என்றேன், அவனோ சபைக்குக் கையை விரித்துக் காட்டினான், நீங்க எண்ணித் தந்தது பதினெட்டு அண்ணாச்சிமாரே, இன்னா பாருங்க, கை காலி என்றான், ஓய் கவனகரே, முதுகுத் தொலி தடிச்சுப் போச்சோ என்று முன்வரிசையில் ஒருவர் கேட்க, கூடமே சிரித்தது, அடுத்த ஆண்டு அதே மேடையில் தாணுலிங்கம் அமர்ந்தான், பொன்னாடையும் பட்டமும் அவனுக்குப் போயின, நான் பிறகு எந்த மேடையும் ஏறவில்லை.

எறும்பொன்று புற்றுக்குள் ஒரு நெல்மணி வைத்திருந்ததாம், கெட்டுவிடுமோ என்று நாள்தோறும் எடுத்து நக்கிப் பார்த்து வைத்ததாம், மழைக்காலத்தில் பசியோடு தேடியபோது நெல் இல்லை, தன் எச்சிலே மணி வடிவில் உருண்டு கிடந்ததாம், நினைவும் பெட்டியில் பூட்டிய பொருளன்று, எடுக்கும்போதெல்லாம் எடுத்தவன் கை அதில் படுகிறது, நாற்பதாண்டுகளாய் அந்தக் கல்லை எடுத்தெடுத்துப் பார்த்தேன், சில நாள் அது பாறையாயிற்று, சில கனவுகளில் தாணுலிங்கம் அதை விழுங்கினான், ஆயினும் பதினேழு மட்டும் தேயவில்லை, உண்மையை அறிந்தவர் இருவரே, அது அவன் வாயால், அவன் பெற்ற மக்கள் முன்னால் வெளிவர வேண்டும், அதற்காகவே பொறுத்திருந்தேன், அவனுக்கு நினைவு தப்புகிறது என்று கேள்விப்பட்டபோது எனக்கு வந்தது இரக்கமன்று, அச்சம், அவன் மறந்துவிட்டால் நான் யாரைப் பழிதீர்ப்பேன்.

அவன் வீட்டுக்குப் போனேன், கதவைத் திறந்தவள் அவன் மகள் பகவதி, அப்பாக்க பழைய கூட்டாளியா, வாங்க மாமா, அவருக்கு என்னையே ஆளு தெரியல்ல, நேத்து, நீ எந்த ஊருக்காரி மக்களேன்னு கேக்காரு, சாயங்காலமானா சட்டையக் கழத்திட்டு முதுகக் காட்டி இருப்பாரு, புளியங்கொட்டை போடணும், எண்ணிச் சொல்லுவாரு, சரின்னு சொன்னாத்தான் சோறு தின்னுவாரு என்றாள், உள்ளே அவன் என்னை ஏறிட்டுப் பார்த்துத் தானாகவே சொன்னான், பதினேழுதான் விழுந்துது, ஒண்ண அவன் மடிக்குள்ள நழுவவிட்டான், களவாணிப்பய, ஊரே என்னப் பாத்துச் சிரிச்சுது. மடி, எறிந்தவனைத் தவிர எவரும் அறியாத இடம், ஒப்புக்கொண்டுவிட்டான், ஆனால் குற்றவாளியாக அல்ல, பட்டத்தை எடுத்தவன் என் அவமானத்தையும் எடுத்துக்கொண்டிருந்தான், டெய்லி இதான் மாமா, எவனோ அப்பாவ நல்லா ஏமாத்தியிருக்கான் என்றாள் பகவதி, எவன், தாணு, பேரைச் சொல்லு என்று அவன் தோளை உலுக்கினேன், மூஞ்சி தெரியல்லியே, பொறத்தால நின்னான்லா என்று அழுதான்.

இன்னைக்கு நீங்க போடுங்க, நான் சோறு எடுத்து வைக்கேன் என்று கிண்ணத்தைத் தந்துவிட்டுப் பகவதி போனாள், பதினெட்டை எண்ணியெடுத்து அவன் பின்னால் நின்றேன், கொட்டைகள் ஒவ்வொன்றாய் அவன் முதுகில் விழுந்தன, கடைசியை என் மடிக்குள் நழுவவிட்டேன், பதினேழு என்றான் கணீரென்று, தப்பு, பதினெட்டு என்றேன், கையை விரித்தேன், அந்த முதுகு நடுங்கியது, நான் நாற்பதாண்டு சுமந்த நடுக்கம், கண்ணாரக் கண்டேன், நெஞ்சு நிறைந்தது, பிறகு அவன் திரும்பினான், கண்ணில் நீரும் இல்லை, பகையும் இல்லை, யாரு, கல்லு போட வந்தியளா, போடுங்க அண்ணாச்சி என்று மறுபடி முதுகைக் காட்டினான், அடித்த அடி அவனுக்குள் எங்கும் தங்கவில்லை, மடியிலிருந்த கொட்டையை எடுத்து ஓங்குகிறேன், எங்கோ ஒரு கூடம் சிரிக்கிறது, விழுகிறது, என் முதுகில், முதுகெலும்புக்கு இடப்புறம், என் உள்ளங்கை வியர்வையோடு, பதினெட்டு.