இருபத்தைந்தரை டிகிரி

டியூஷன் வாத்தியார் கரும்பலகையில் ஒரு கணக்கின் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டால், அந்தக் கணக்கு அந்த வீட்டிலேயே நடந்துவிடும். தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். இயற்பியலும் வேதியியலும் மண்டையில் ஏறாத பிள்ளைகளை அவரிடமே அனுப்பினார்கள். எறிபொருள் கணக்கு போட்ட நாளில் மேசைமேல் இருந்த எலுமிச்சை ஜன்னல் வழியாகப் பறந்து, சரியாக இருபது மீட்டர் தள்ளி, எதிர்க்கடைத் தையல்காரர் மடியில் விழுந்தது. அவர் அதைத் திருப்பித் தரவில்லை. அமிலமும் காரமும் நடத்திய வாரம் குழாய்த் தண்ணீர் இளஞ்சிவப்பாக வந்தது. ‘உராய்வைப் புறக்கணிக்க’ என்று அவர் எழுதும் நாள்களில் பிள்ளைகள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “ஏங்க, இன்னைக்கு உராய்வு இருக்கா இல்லையா? சொல்லித் தொலைங்க, கையில கொதிக்கிற பாத்திரம் இருக்கு!” என்று சமையலறையிலிருந்து மனைவி கத்துவாள். ஒன்று மட்டும் உண்டு: இரண்டு கோடு விழுந்த விடையை டஸ்டரால் துடைக்கலாம், நடந்ததைத் துடைக்க முடியாது.

ஒரு வருடம் அந்த மனைவிக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் மாத்திரை விழுங்கியும் நாற்பதிலேயே நின்றது. டாக்டர் கையை விரித்துவிட்டார். ஆறாம் நாள் காலையில் வாத்தியார் சாக்பீஸை எடுத்தார். நாற்பது டிகிரியில் ஒரு பொருள்; அறை இருபத்தெட்டு; முதல் பத்து நிமிடத்தில் ஒரு டிகிரி குறைகிறது, போகப்போக வேகம் தணிகிறது; முப்பத்தேழை எட்ட எவ்வளவு நேரம்? முப்பத்து மூன்று நிமிடம். கோடு போட்டார். முப்பத்து மூன்றாவது நிமிடம் அவள் கண் விழித்துக் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். மனுஷன் குழந்தை மாதிரி அழுதார்.

ஆனால் குளிரும் பொருள் முப்பத்தேழில் நின்று இளைப்பாறாது, அறையின் வெப்பநிலைக்கு வந்துதான் ஓயும். நூறு தடவை பிள்ளைகளுக்குச் சொன்னதை அவரே மறந்துபோனார். பெண்டாட்டியைப் பொருள் என்று எழுதியவருக்கு, உயிருள்ள உடம்பு தானே சூட்டை உண்டாக்கும் என்ற நினைப்பும் வரவில்லை. பொழுது சாய்வதற்குள் அவள் இருபத்தெட்டுக்கு வந்துவிட்டாள். டாக்டர் மூன்று தெர்மாமீட்டரை மாற்றிப் பார்த்தார்; இதயம் ஒழுங்காகத்தான் அடித்தது. “எனக்கு ஒண்ணும் பண்ணல. கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கு, அவ்வளவுதான்,” என்றாள்.

அதன்பிறகு அவள் சுவரோடு சேர்ந்து சூடானாள், சுவரோடு சேர்ந்து ஆறினாள். வெயில் மாதங்களில் குறையொன்றும் தெரியவில்லை. குளிரில்தான் வினை. அறை இருபதுக்கு இறங்கிய வருடம் மாடிப்படி ஏற அவளுக்கு அரை நாள் பிடித்தது. பதினான்குக்கு இறங்கிய வருடம், காலையில் “ஏங்க” என்று ஆரம்பித்தவள் மதியம்தான் “சாப்டீங்களா” என்று முடித்தாள். இன்னும் நாலு டிகிரி இறங்கினால் அவள் நின்றேபோவாள் என்று வாத்தியார் பயந்தார். கம்பளி உதவவில்லை, கணப்பின் சூடு சுவர்வரை எட்டவில்லை. அவளைச் சூடாக்க அவர் போட்ட கணக்கெல்லாம் பாதியில் நின்றது. அந்தச் சூடு எங்கிருந்து வரும் என்று எழுத அவரிடம் ஒன்றும் இல்லை.

கடைசியில் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பலகை முன்னால் நின்றார். சம நிறையுள்ள இரண்டு பொருள்கள், ஒன்று முப்பத்தேழு, மற்றது பதினான்கு. இழந்த வெப்பம் சமம் பெற்ற வெப்பம். இந்த முறை மறக்காமல், எல்லாப் புத்தகத்திலும் போடுகிற வரியையும் சேர்த்தார்: ‘சுற்றுப்புறத்துடன் வெப்பப் பரிமாற்றம் இல்லை எனக் கொள்க.’ விடை இருபத்தைந்தரை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு கோடு போட்டார்.

அவள் முழு வாக்கியமாகத் திட்டினாள். “உங்க சூட்டையும் குடுத்துட்டீங்களா? புத்தி கெட்ட மனுஷா!” மூன்று வருடமாகக் குளிர்காலத்தில் கேட்காத அந்தக் குரலைக் கேட்ட தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்.

அன்றிலிருந்து எந்தக் குளிரும் அவர்களைத் தொடவில்லை. எந்த வெயிலும் தொடவில்லை. வெளியூரிலிருந்து வந்த மகள் அம்மாவைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் அழுதாள்; மகளின் சூடு ஒரு பொட்டும் உள்ளே போகவில்லை. அது அம்மாவுக்கும் தெரிந்தது, மகளுக்கும் தெரிந்தது. டியூஷன் நடக்கிறது. வகுப்பு முடிந்ததும் இருவரும் ஜன்னலோரம் கைகோத்து உட்காருகிறார்கள். இருவருக்கும் ஒரே வெப்பநிலை, ஒருவரிடமிருந்து மற்றவருக்கு எதுவும் பாய வழியில்லை. அது வாத்தியாருக்குத் தெரியும். கையை மட்டும் விடுவதில்லை.